வெல்லம் தின்னாதவன்

ஆதம்பாக்கத்து ஜல்லி மெஷினில் சாயங்காலச் சங்கு ஊதியதும் குமாஸ்தா ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். ஆளுக்கு ஒரு வெல்லத்துண்டு. நாளெல்லாம் கல்தூசி விழுங்கிய தொண்டைக்கு வெல்லம் போட்டால் தூசி வழுக்கிக்கொண்டு வயிற்றில் இறங்கிவிடும், விடிந்ததும் வெளியே போய்விடும் என்று யாரோ எப்போதோ சொல்லி, எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த வைத்தியம் அது. காண்டிராக்டர் ரகுபதி அதைத் தன் கைக்காசில் செய்கிற தருமம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். தருமத்தின் அளவு ஒரு நெல்லிக்காய் இருக்கும்.

அதை வாங்கி அங்கேயே வாயில் போட்டுக்கொள்கிறவன் கல்யாணமாகாத பையனாக இருக்க வேண்டும். பிள்ளைகுட்டிக்காரன் போட்டுக்கொண்டால் தொலைந்தான். மறுநாளே அவனுக்கு வெல்லந்தின்னி என்று பெயர் விழுந்துவிடும். குடிக்கிறவன், சூதாடுகிறவன், பெண்டாட்டியை அடிக்கிறவன் எல்லோரையும் அந்தக் கூட்டம் ஒருவாறு பொறுத்துக்கொண்டது. வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு தான் மட்டும் இனிப்புத் தின்கிறவனை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாது. ஆகவே வெல்லம் வாங்கிய கை நேரே துண்டின் முனைக்குப் போகும், அங்கே முடிச்சு விழும். தொண்டைக்குள் போன தூசி போன இடத்திலேயே இருக்கும்.

முனியம்மாளின் புருஷன் கன்னியப்பன் அந்த மெஷினின் வாய்க்குக் கல் போடுகிறவன். பரங்கிமலை ஓரத்துக் குவாரியில் வெட்டிய கல்லை மெஷின் நொறுக்கித் துப்பும். துப்பிய ஜல்லி மாட்டுவண்டி ஏறி மாம்பலம் போகும். ஏரியைத் தூர்த்துவிட்டுப் புதிதாகத் தியாகராய நகர் என்று ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்த காலம். அகல அகலமான வீதி, வரிசை வரிசையாகப் பங்களா. இன்றைக்கு நாம் செருப்பு தேயாமல் நடக்கிற வீதிகளுக்கு அடியில் கிடப்பது அந்த ஜல்லிதான். அதிலிருந்து பறந்த தூசி எங்கே போயிற்று என்று அந்த வீதிகளில் நடந்த ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு காலத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் தண்ணீர் வண்டி ஒன்று நிற்கும். கல்லை நனைத்துப் போட்டால் தூசி அவ்வளவாகக் கிளம்பாது. பிறகு ரகுபதிக்குப் பங்களாச் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் காண்டிராக்டும் சேர்ந்து கிடைத்தது. புதுச்சுவர் காய்ந்தால் வெடித்துவிடும், சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கன்னியப்பனின் நெஞ்சு காய்ந்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? வண்டி மாம்பலம் போய்விட்டது. மெஷின் வாய்க்கு ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, இது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், சித்திரை வெயிலில், அந்தச் சாக்கு கிழிந்து விழுந்தது. உள்ளே இருந்த தூசியெல்லாம் ஒரே மூச்சாகக் கன்னியப்பனின் முகத்தில் அடித்தது. ஏற்கெனவே இரண்டு வருஷமாக இருமிக்கொண்டிருந்தவன், கல் குவியலின் மேல் குப்புற விழுந்து ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தான். யாரோ அதன்மேல் மண்ணைத் தூவினார்கள். மெஷின் நிற்கவில்லை. அவன் இடத்தில் வேறொருவன் நின்று கல் போட்டான்.

அன்று சாயங்காலமும் கன்னியப்பன் வரிசையில் வந்து நின்றான். துண்டின் ஒரு முனை முழுக்க ரத்தம். நல்லவேளையாக மறுமுனை சுத்தமாக இருந்தது. அந்த முனையில் வெல்லத்தை முடிந்துகொண்டு, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துவர, வீட்டுக்கு வந்தான். மகள் பச்சையம்மாள் வாசலிலேயே முடிச்சை அவிழ்த்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது, பச்சை என்று கூப்பிடுவார்கள்.

காண்டிராக்டர் அனுப்பிய டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து க்ஷயம் என்று எழுதிக் கொடுத்தார். க்ஷயரோகிக்கு வேலை இல்லை. அது தொற்று வியாதியாம், மற்றவர்களுக்கு ஆகாதாம். மற்றவர்கள் மேல் ரகுபதிக்குத் திடீரென்று வந்த அக்கறையைப் பார்த்தால் கண்ணில் ஜலம் வரும். க்ஷயரோகியின் பெண்டாட்டி மறுநாள் அதே இடத்தில் நின்று, ஆண்கூலியில் பாதிக்குக் கல் போடலாம் என்றதற்கு மட்டும் அவர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

அப்படித்தான் முனியம்மாள் மெஷினுக்குப் போனாள். வேறு வழி இருந்தால் போயிருக்க மாட்டாள். சைதாப்பேட்டைச் சந்தையில் காய் வாங்கி மாம்பலத்துப் புது வீடுகளில் கூடையோடு போய் விற்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை இருந்தது, அதற்குக் கைமுதல் வேண்டும். ஆடி பிறக்கும்போது அவளும் இருமத் தொடங்கினாள். புருஷனுக்குக் கேட்காமல் இருக்க, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் இருமுவாள். குடிசை வீட்டில் கொல்லை எவ்வளவு தூரம்? அவனுக்குக் கேட்டது.

மெஷினைப் பழுதுபார்க்கிற பிட்டர் அன்வர் பாஷாதான் முதலில் வழி சொன்னார். மீர்சாகிப்பேட்டைக்காரர், தினமும் ரயிலேறி வந்து போகிறவர்.

"தங்கச்சி, வேலை செய்ற எடத்துல அடிபட்டா மொதலாளி துட்டு குடுக்கணும்னு சர்க்கார் சட்டம் ஒண்ணு கீது. மயிலாப்பூர்ல வேதாந்தம்னு ஒரு வக்கீல். எனுக்குத் தெரிஞ்சவரு. மூஞ்சிய சிடுசிடுன்னு வச்சிக்கினு இருப்பாரு, பயந்துக்காத."

"அவருக்குக் குடுக்க என்னாண்ட இன்னா கீது பாய்?"

"மொதல்ல போய்ப் பாரு. கேக்கறதுக்கு இன்னா?"

வேதாந்தம் மாட வீதியில் இருந்தார். அன்வர் பாஷா சொன்னபடி சிடுசிடுத்த முகந்தான். முனியம்மாள் வாசல்படியில் நின்று கதையைச் சொல்லி முடிக்கிற வரையில் ஒருதரம்கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ள வந்து உக்காரும்மா. சட்டம் இருக்கு, வாஸ்தவம். சில வியாதிகளுக்கும் பணம் குடுக்கணும்னு அதுல எழுதியிருக்கா. ஈயத்துல வேலை பண்ணி வர்ற வியாதி இருக்கு, பாஸ்பரஸ் இருக்கு, ஆட்டு ரோமத்தைத் தொட்டு வர்ற வியாதி கூட இருக்கு. கல்தூசி இல்லை."

"ஏன் சாமி இல்ல?"

"எழுதினவா யாரும் உங்க மெஷினண்டை நின்னு பாத்ததில்லை, வேறென்ன."

"ஆட்டு மயிருக்குக் கீது, கல்லுக்கு இல்லியா?"

வேதாந்தம் கழற்றிய கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். அவருக்கே எரிச்சலாக இருந்தது. அவர் மனைவி காமாக்ஷி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். முனியம்மாள் குடித்தாள், இருமினாள், மறுபடி குடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த வேதாந்தம் திடீரென்று கேட்டார்:

"ரத்தம் கக்கினானே, அன்னிக்கு அந்தச் சாக்கு கிழிஞ்சுதுன்னு சொன்னயே. எல்லாரும் பாத்தாளா?"

"மொத்த மெஷினும் பாத்துச்சி சாமி."

"அப்படின்னா அதை வியாதின்னு சொல்ல வேண்டாம். விபத்துன்னு சொல்லுவோம். விபத்துக்குச் சட்டத்துல எடம் இருக்கு."

வக்கீல் மூளை என்பது இதுதான். வருஷக்கணக்காக நடந்த கொலைக்குச் சட்டத்தில் இடமில்லை, ஒரு நிமிஷம் நடந்த சாக்குக் கிழிசலுக்கு இடம் உண்டு. கிடைத்த இடுக்கில் நுழைய வேண்டியதுதான். வேதாந்தம் பீஸ் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரைப் பிடித்துக் கன்னியப்பனின் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தார். இது க்ஷயமல்ல, நுரையீரல் முழுக்கக் கல்தூசி, அன்றைக்கு விழுங்கிய தூசி அதைக் கிழித்துவிட்டது என்று அந்த மனிதர் தைரியமாக எழுதியும் கொடுத்தார். அன்வர் பாஷா சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். வேதாந்தம் கன்னியப்பனை உட்கார வைத்து, தண்ணீர் வண்டியைப் பற்றி இப்படிக் கேட்பார்கள், சாக்கைப் பற்றி இப்படிக் கேட்பார்கள் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். வெல்லத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கன்னியப்பனும் சொல்லவில்லை, முனியம்மாளும் சொல்லவில்லை. சாயங்காலம் பெண்ணுக்கு ஒரு வெல்லத்துண்டு வருகிறது என்பதை வக்கீலிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

நஷ்டஈட்டு மனுவின் விசாரணை பட்டணத்து ஆபீஸ் ஒன்றில் நடந்தது. அதிகாரி வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மவர்தான், நெற்றியில் சந்தனம்கூட இருந்தது. மெஷின் ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து தாழ்வாரத்தில் குந்தியிருந்தார்கள். முனியம்மாள் கதவோரத்தில் நின்றாள். கன்னியப்பனுக்கு நாற்காலி போட்டார்கள். அவன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

காலை முழுக்க வேதாந்தத்தின் பக்கமே காற்று அடித்தது. அன்வர் பாஷா தண்ணீர் வண்டி போன கதையைச் சொன்னார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தூசி யாரையும் ஒன்றும் செய்யாது, இது வெறும் க்ஷயம், பரம்பரை வியாதி என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு அவர் கன்னியப்பன் பக்கம் திரும்பினார். தேன் தடவினாற்போன்ற குரல்.

"ஏம்பா, உங்க முதலாளி தினம் சாயங்காலம் ஏதோ கொடுப்பாராமே?"

"வெல்லம் சார்."

"எதுக்கு?"

"தூசிக்கு. தொண்டைல கீற தூசிய உள்ள இஸ்துக்கினு பூடும்."

"தினமும் தவறாமல் கொடுப்பாரா?"

"குடுப்பாரு சார். பொய் சொல்லக் கூடாது."

"நீயும் தினமும் தின்றாய், இல்லையா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை, கேஸ் ஜெயித்துப்போயிருக்கும். ஆனால் பின்னால் தாழ்வாரத்தில் அவனோடு கல் தூக்கியவர்கள் அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரத்தம் கக்கிய நாளிலிருந்து அவன் அப்படி நிமிர்ந்ததில்லை.

"என்ன இன்னா சார் வெல்லந்தின்னின்னு நெனச்சிக்கினியா? இத்தினி வருசத்துல ஒரு துண்டு என் வாய்க்குப் போனதில்ல. வூட்ல கொயந்த கீது. அதுக்குத்தான் எட்துக்கினு போவேன். வேணும்னா வெளிய கீறவங்களக் கேட்டுப் பாரு."

தாழ்வாரத்தில் ஆமாம் ஆமாம் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முனியம்மாள் கதவோரத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டாள். இத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் தன் புருஷன் மானத்தோடு பதில் சொல்லிவிட்டான் என்று அவளுக்குப் பூரிப்பாக இருந்தது. வேதாந்தத்தைப் பார்த்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். தொழிலாளிக்குப் பாதுகாப்புக்காக முதலாளி ஒரு சாதனம் கொடுத்து, அது பாதுகாப்புக்கென்று தெரிந்தும் அவன் வேண்டுமென்றே அதைப் புறக்கணித்தால், அவனுக்கு நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. வெல்லம் தூசியிலிருந்து காக்கக் கொடுத்தது. எதற்கென்று அவனே தன் வாயால் சொன்னான். தின்னவில்லை என்பதையும் அவனே சொன்னான்.

காலையில் தூசி யாரையும் ஒன்றும் செய்யாது என்று சொன்ன அதே வாய்தான். மத்தியானம் தூசிக்கு மருந்து கொடுத்தோம் என்கிறது. சாப்பாட்டு வேளையில் நாக்கை மாற்றிக்கொண்டு வந்தார் போலிருக்கிறது.

வேதாந்தம் எழுந்தார். "வெல்லம் ஒரு பாதுகாப்புச் சாதனமா? அப்படியே வைத்துக்கொள்வோம். தூசி கெடுதல் என்று தெரிந்ததனால்தானே கொடுத்தார்? தெரிந்தவர் தண்ணீர் வண்டியை ஏன் அனுப்பினார்?"

அதிகாரி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு சொன்னார், முதலாளி நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தை அவருக்கு எதிராகத் திருப்பினால் நாளைக்கு எந்த முதலாளி நல்லது செய்ய முன்வருவார்? தொழிலாளி தன் பாதுகாப்பைத் தானே உதறியிருக்கிறான். மனு தள்ளுபடி.

கன்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாவாம் சாமி?" என்று வேதாந்தத்தைக் கேட்டான். ஆபீஸ் படிகளில் அவனை உட்கார வைத்துவிட்டு அவர் விளக்கினார்.

"கொயந்தைக்குக் குடுத்தது தப்பா சாமி?" என்று கேட்டாள்.

"தப்பில்லைம்மா. தப்புன்னு சொன்னவா வாய்தான் அழுகிப் போகணும்."

"இன்னொரு தபா கேக்க முடியாதா?"

வேதாந்தம் தயங்கினார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாத வக்கீல்.

"அந்த விதி காயம்பட்டவன் உயிரோட இருந்தாத்தான். சமீபத்துல சட்டத்தைத் திருத்தியிருக்கா. ஆள் செத்துப்போயிட்டா அந்தக் காரணத்தைச் சொல்லி முதலாளி தப்ப முடியாது. மறுபடி மனு போடலாம்."

கன்னியப்பன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. மூச்சு வந்ததும் சொன்னான்:

"இருந்தா இல்ல, பூட்டா உண்டு. அத்த மொதல்லியே சொல்லக் கூடாதா சாமி? வீணா ரயில் ஏறி வந்தேன்."

மெஷினில் மறுவாரமே புது உத்தரவு வந்தது. இனி வெல்லத்தைக் குமாஸ்தா எதிரிலேயே தின்ன வேண்டும். தின்றுவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்வார், கடைவாயில் ஒதுக்கியிருந்தால் தெரிந்துவிடும். இரண்டு பிள்ளை பெற்றவளும், பேரன் எடுத்தவனும், வாயைப் பிளந்துகொண்டு ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதைப் போல அவர் பார்த்துக்கொண்டே போவார். தண்ணீர் வண்டி வரவில்லை. கிழிந்த சாக்குக்குப் பதில் புதுச் சாக்குகூடத் தொங்கவில்லை. சாட்சி சொன்ன அன்வர் பாஷாவுக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள்.

முனியம்மாளும் தின்றாள். கல்போல் இருந்தது, தொண்டையில் இறங்கவில்லை. கூலி வேண்டுமே, விழுங்கினாள்.

அதைவிடப் பெரிய கொடுமை வீட்டில் நடந்தது. கேஸ் போன கதையைத் தெருவே பேசிற்று. குழாயடியில் யாரோ ஒருத்தி, பாவம் இந்தப் பொண்ணு வெல்லந்தின்னுதான் அப்பனுக்குத் துட்டு வராமப் பூடுச்சி என்று சொல்லிவிட்டாள். பச்சை கேட்டுக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து அப்பன் பக்கத்தில் போகாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று கார்த்திகை. பொரி உருண்டை பிடித்து முனியம்மாள் தட்டில் வைத்தாள். வெல்லப் பாகு வாசனை வந்ததும் பச்சை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டி தின்னல?"

"நான் தின்னா அப்பாக்கு ஒடம்பு கெட்டுப் பூடும்."

கன்னியப்பன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். வேலை போனபோது அவன் கோபப்படவில்லை. கேஸ் போனபோது சிரித்தான். அன்றைக்குத்தான் அவன் கோபத்தை முனியம்மாள் பார்த்தாள்.

"நெஞ்சக் கெடுத்தானுங்க, உட்டேன். வேலையப் புடுங்கனானுங்க, உட்டேன். எம் பொண்ணு வாய் மேல இல்ல பயியப் போட்டுட்டானுங்க. அவனுங்க பண்ணதுக்கு இவளா பதில் சொல்றது? அந்த ஆபீஸ்ல ஒருத்தனுக்குக்கூடவா வூட்ல கொயந்த இல்ல?"

மேலே பேச மூச்சு இல்லை. பச்சையைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான். உருண்டையை உடைத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். திரும்பத் திரும்பக் கொண்டுபோனான், அவள் திறக்கவே இல்லை. கடைசியில் அந்தத் துண்டு அவன் கையிலேயே பிசுபிசுத்துப்போயிற்று.

பொங்கலைக் கன்னியப்பன் பார்க்கவில்லை. மார்கழிக் குளிரில், காலை வேளையில், முனியம்மாள் வேலைக்குக் கிளம்ப முக்காட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. அன்றைக்கும் மெஷின் ஓடியது. அடக்கம் பண்ணிவிட்டு வருகிற வழியில் அது கடகடவென்று கல்லைக் கடிக்கிற சத்தம் இடுகாட்டுப் பாதை வரைக்கும் கேட்டது.

வேதாந்தம் மறுபடி மனுப் போட்டார். அதே ஆபீஸ், அதே அதிகாரி, அதே தேன் குரல். வெல்லத்தை இப்போது சட்டமாகக் காட்ட முடியாது, ஆனாலும் அந்த வக்கீலுக்கு அதை விட மனமில்லை. தம் கட்சிக்காரர் எவ்வளவு நல்லவர் என்று காட்டினால் தொகையையாவது குறைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, முனியம்மாளை எழுப்பிக் கேட்டார்.

"இப்போது முதலாளி எல்லோரையும் தம் ஆள் எதிரிலேயே வெல்லம் தின்ன வைக்கிறார், நிஜந்தானே?"

"நெசந்தான் சாமி. வாயத் தொறந்து காட்டறோம். நாக்கத் தூக்கிக் காட்டறோம்."

"நீ ஒரு நாளாவது தின்னாமல் இருந்ததுண்டா?"

"இல்ல சாமி. ஒரு நாள் தவறல."

"அதனால் உனக்கு நல்லதுதானே?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள், குனிந்து இருமினாள், தரையில் உட்கார்ந்து இருமினாள். சேவகன் தண்ணீர் கொண்டுவந்தான். தேன் குரல்காரர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நல்லதுதான் சாமி" என்றாள்.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார். தொகை கொடுக்கும்படி உத்தரவாயிற்று. உயிரோடு வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கேட்டவனுக்கு இல்லை என்றதை, அவன் மண்ணுக்குள் போனபிறகு கொடுத்தார்கள். இதற்கு நீதி என்று பெயர் வைத்திருக்கிறோம், அதற்கு ஒரு கட்டடமும் கட்டி வைத்திருக்கிறோம்.

வேதாந்தம் உத்தரவை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் பழைய சிடுசிடுப்புக்குத் திரும்பியது.

"இன்னா சாமி, குடுக்கறேன்னுதான எயுதிக்கீது?"

"குடுக்கறதுக்குத்தான் எழுதியிருக்கார். அன்னிக்கு நடந்த விபத்தால செத்தான்னு எழுதியிருக்கார். தூசிங்கற வார்த்தையே எங்கேயும் இல்லை."

"அப்ப தண்ணி வண்டி?"

"வராதும்மா. யாரும் கொண்டுவரச் சொல்லலை."

முனியம்மாள் அந்த உத்தரவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பணம் கைக்கு வரும்வரை மெஷினுக்குத்தான் போக வேண்டியிருந்தது. பணம் வந்த நாளில்கூட அரை நாள் கல் போட்டாள், மீதி அரை நாளை விடுவானேன் என்று அதையும் போட்டாள். மறுநாளிலிருந்து சைதாப்பேட்டைச் சந்தை, கூடை, மாம்பலத்துத் தெருக்கள். நெஞ்சுக்குள் போனது மட்டும் அவள் கூடவே வரும், அதை எந்தச் சந்தையில் இறக்கி வைக்க முடியும்?

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் சங்கு ஊதிற்று. வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தின்று, வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி நகர்ந்தார்கள். அவள் முறை வந்தது. குமாஸ்தா துண்டை உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலை மூடிக்கொண்டாள்.

"தின்னு. வாயைத் தொற."

"இது என் வூட்டுக்காரரு பங்குங்க. அவரு இங்க தின்னு பயக்கமில்ல."

முந்தானை முனையில் முடிந்துகொண்டு நடந்தாள். குமாஸ்தா பின்னாலிருந்து என்னவோ கத்தினார். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற கிழவன் தன் துண்டை வாங்கினான், குமாஸ்தாவைப் பார்த்துக்கொண்டே அதைத் துண்டு முனையில் முடிந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவளும் முடிந்தாள்.

பச்சை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முந்தானையில் முடிச்சைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனாள். முனியம்மாள் அவள் எதிரில் குந்தி, முடிச்சை அவிழ்த்து, வெல்லத்தைப் பல்லால் கடித்து இரண்டாக்கினாள்.

"உங்கப்பா எங்கயும் தோக்கலடி. ஆபீஸ்ல அத்தினி பேர் நடுவுல, எம் பொண்ணுக்குத்தான் குட்த்தேன்னு நிமுந்து ஒக்காந்து சொன்னாரு. நான் கதவாண்ட நின்னு பாத்தேன். நீ தின்னாதான் அவரு சொன்னது சரி."

பச்சை அவளையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.